பசியாறலும் நம் எழுத்தும்

"பசியாறியாச்சா?" என்று காலையில் ஒருவரையொருவர் வினவிக்கொள்வது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கு. பிறர் 'சிற்றுண்டி' என்றும் 'பலகாரம்' என்றும் 'டிபன்' என்றும் குறிப்பதை நாம் 'பசியாறல்' என்கிறோம். கடல் கடந்து மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழரிடையேயும் இச்சொல் இன்றளவும் புழங்குகிறது. சொல் எளியது, ஆயினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிற்றுண்டி என்பது உண்ணப்படும் பண்டத்தின் அளவைச் சுட்டுகிறது. பலகாரம் என்பது பண்டத்தையே சுட்டுகிறது. பசியாறல் என்னும் சொல்லோ உண்பவனின் நிலையைச் சுட்டுகிறது. பண்டத்தை விடுத்து மனிதனைப் பற்றிப் பேசும் சொல் அது. இத்தகைய சொல்லைக் கைவசம் வைத்திருக்கும் நாம், பசியாறும் இடத்தைப் பற்றி இலக்கியத்தில் என்ன எழுதியிருக்கிறோம், எதனை எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று சிறிது ஆராய்வது பயனுடையதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது ஓர் எளிய நிகழ்ச்சியே. புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் உள்ள பேரூர் அரிமளம். ஓங்கிய செட்டிநாட்டு வீடுகளும், அவற்றைச் சுற்றிப் பல சமூகத்தாரும் வாழும் ஊர். தமிழ்க் குழந்தைகளுக்குப் பாடல் தந்த அழ. வள்ளியப்பாவும், 'சக்தி' இதழின் வாயிலாகத் தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதுப்பொலிவு தந்த வை. கோவிந்தனும் பிறந்த இராயவரம் இவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மருமகன் விடுமுறையில் வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், "வாங்க மாமா, வெளியே போய்ப் பசியாறிட்டு வருவோம். அங்கே லீவு நாள்ல எல்லாரும் குடும்பத்தோட கடையிலதான் பசியாறுவாங்க" என்றான். நாமும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டோம். அப்போது அடுக்களை வாயிலில் நின்ற நம் தங்கை, "ஆம்பளைங்க கடைக்குப் போயிட்டா எங்க அடுப்பு அணைஞ்சா போயிடும்? குடும்பத்தோடன்னா நாங்க குடும்பத்துல சேத்தி இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் நம்மைவிட்டு அகலவில்லை. கடையில் இட்லியும் வடையும் வந்தன. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. சுற்றுமுற்றும் பார்த்தோம். அமர்ந்து உண்டவர் அனைவரும் ஆடவர். அவர்களுக்காக மாவு அரைத்தவரும் எச்சில் தட்டைக் கழுவியவரும் பெண்கள்.

நாவெழுத்தும் கணக்கெழுத்தும்

தமிழில் உணவுக்கடையைப் பற்றிய எழுத்து இரு வகைப்படும். ஒன்று நாவின் எழுத்து. எந்த ஊரில் எந்தக் கடையில் எந்தப் பண்டம் சுவையாக இருக்கும், அந்நாளில் நெய்மணம் எவ்வாறு தெருமுனைவரை வீசிற்று என்றெல்லாம் சப்புக்கொட்டி நினைவுகூர்வது. இன்று வார இதழ்களிலும் பிற ஊடகங்களிலும் பெருகிக் கிடப்பது இதுவே. இதனை இழிவென நாம் கூறமாட்டோம். நல்ல உணவை நன்றியோடு நினைப்பதில் தவறொன்றுமில்லை. ஆயினும் இவ்வெழுத்தில் ஒரு குறை உண்டு. சட்டினியின் நிறம் நினைவிருக்கும். பரிமாறியவரின் முகம் நினைவிராது. தோசையின் முறுவல் நினைவிருக்கும். கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யாரென்பது நினைவிராது.

மற்றொன்று கணக்கின் எழுத்து. யார் உண்டார், யார் உண்ணவில்லை, யார் உழைத்தார், யார் ஈடு செலுத்தினார் என்று கேட்கும் எழுத்து. இது அளவிற் சிறிது, தரத்திற் பெரிது. நம் மொழியில் இவ்வகையில் தலைசிறந்த சில படைப்புகள் உள்ளன. அவற்றை எடுத்துக்கொள்வதற்கு முன், கடை என்னும் நிலையத்தின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம்.

காசு கொடுத்தால் எவரும் உண்ணலாம் என்னும் இடம் நம் நாட்டில் எளிதில் உருவாகிவிடவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்களின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் நடுத்தர வகுப்பாரின் வாழ்வில் காப்பி எவ்வாறு புகுந்தது, அது எவ்வாறு மதிப்பின் அடையாளமாயிற்று, தேநீர் எவ்வாறு உழைப்பாளரின் பானமாயிற்று என்பனவற்றை அவர் அதில் ஆராய்ந்து காட்டினார். ஒரு குவளைப் பானத்திற்குள் ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கியிருக்கக் கூடும் என்பதை வரலாற்றுச் சான்றுகளோடு நிறுவிய நூல் அது. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் கைவிடப்பட்டது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் செய்தனர்.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, சமயம் முதலியவை காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவில் விதித்தது. 17ஆம் பிரிவில் தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, குவளை மாறிற்றா? நம் இளமையில் ஒரு சிற்றூர்த் தேநீர்க்கடையில் கூரையின் தாழ்வாரத்தில் தனியே செருகி வைக்கப்பட்ட குவளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவை எதற்கு என்று நாம் கேட்கவில்லை. கேட்காமல் தேநீர் அருந்திவிட்டுப் போனோம். அதுவும் நம் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

அது பழங்கதை என்று எவரேனும் கூறுவாராயின், 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை அவர்க்கு நினைவூட்டுவோம். வேங்கைவயலில் பட்டியலின மக்கள் பயன்படுத்தும் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்த கொடுமை வெளிப்பட்டது. அதனை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் அப்பகுதித் தேநீர்க்கடை ஒன்றில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும் கண்டறிந்தனர், வழக்கும் பதிவாயிற்று. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 72 ஆண்டுகள் கடந்த பின்னர் நிகழ்ந்தது இது. ஆகவே கடையில் அமர்ந்து பசியாறுவது என்பது வெறும் பொழுதுபோக்கன்று. எவரும் எவரோடும் ஒரே பலகையில் அமரலாம் என்னும் உரிமையின் அன்றாடச் சோதனை அது.

மூன்று படைப்புகள்

இனி இலக்கியத்திற்கு வருவோம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வெளிவந்த சிறுகதை. அதனைப் பலரும் கடவுளை எள்ளும் கதையாகவே கொள்கின்றனர். நாம் அதனைக் காசுக்கணக்கின் கதையாகக் காண்கிறோம். கதை தொடங்கும்போது சென்னையின் தெருமுனையில் நிற்கும் பிள்ளையின் மனத்தில் ஓடுவது தத்துவமன்று. டிராமில் போனால் எவ்வளவு, நடந்து போனால் காப்பிக்கு எவ்வளவு மிஞ்சும் என்னும் அணாக்கணக்குதான். அந்நேரத்தில் கடவுள் வந்து நிற்கிறார். இருவரும் ஓட்டலுக்குள் புகுந்து காப்பி அருந்துகின்றனர். கோயிலில் தொலைவில் நின்று தொழப்பட வேண்டியவர், ஓட்டலில் எதிரே அமர்ந்து சிக்கரி கலந்த காப்பியைக் குடிக்கிறார். இத்துணை எளிமையாகக் கடவுளையும் மனிதனையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடிய இடம் ஓட்டலன்றி வேறெது? நகரத்து உணவுக்கடை மனிதரைச் சமமாக்கும் ஆற்றலுடையது என்பதைப் புதுமைப்பித்தன் நகையோடு உணர்த்திவிட்டார். அதே வேளையில் அச்சமநிலை காசுள்ளவரைதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

காசிருந்தும் சமநிலை கிட்டாதவரின் கணக்கைப் பாமா எழுதினார். 1992இல் வெளிவந்த 'கருக்கு' தன்வரலாற்று நூல், பேச்சுமொழியிலேயே இயன்றது. அதில் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது கடைவீதிப் பக்கம் அவர் கண்ட காட்சி ஒன்று வருகிறது. தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் பிடிக்காமல் அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த விந்தையைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். பொட்டலம் நிலவுடைமையாளருக்கு உரியது. பெரியவரின் கை பட்டால் அது தீட்டு என்பதை அண்ணன் விளக்கிய பின் அச்சிரிப்பு மறைந்து சினம் பிறக்கிறது. வாங்கி வருபவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர். நடுவே ஒரு கயிறு. தமிழில் பலகாரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடக் கூர்மையான பக்கம் இல்லை என்பது நம் துணிபு. இங்கே நாவின் எழுத்துக்குச் சிறிதும் இடமில்லை. பொட்டலத்திலுள்ள பண்டம் சுவையாக இருந்ததா என்று எவருக்கும் கேட்கத் தோன்றாது.

மூன்றாவது, நம் இதழின் வாசகர் பலரும் அறிந்து போற்றும் கதை. ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' 2011இல் வெளிவந்து 'அறம்' தொகுதியில் இடம்பெற்றது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் கெத்தேல் சாகிப் நடத்தும் உணவுக்கடையில் விலை இல்லை. உண்டவர் விரும்பியதை உண்டியலில் இடலாம், இடாமலும் போகலாம். வறுமையில் உழலும் மாணவன் ஒருவன் பல காலம் காசில்லாமல் உண்கிறான். வேலை கிடைத்த பின் தான் உண்டதற்கு ஈடாகப் பெருந்தொகையை அவ்வுண்டியலில் கொண்டுவந்து இடுகிறான். சாகிபின் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. என்றும்போல் அன்றும் பரிமாறுகிறார். கணக்கு என்பது இங்கே உண்டவனின் மனத்தில் மட்டுமே இருந்தது; ஊட்டியவரிடம் இல்லை.

இக்கதையை நாம் போற்றுகிறோம். நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கடைக்காரரை நாயகராக்கி, சமயப் பிரசாரம் எதுவுமின்றி, ஈகையின் உயர்ந்த வடிவத்தைக் காட்டிய கதை இது. இதனைப் படித்துக் கண்கலங்காதவர் குறைவு. எனினும் திறனாய்வாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுமுறையும் படிக்கக் கடமைப்பட்டவன். அவ்வாறு படிக்கையில் ஒரு வினா எழுகிறது. கதை முழுவதும் உண்பவனின் கண்வழியாகவே சொல்லப்படுகிறது. பேசாத பெருமகனாகவே சாகிப் நமக்குத் தெரிகிறார். அரிசிக்கடைக்காரருக்கு அவர் என்ன சொன்னார்? மீன் விலை ஏறிய நாளில் அவர் என்ன நினைத்தார்? கொடுப்பது அவருக்கு எளிதாக இருந்ததா, அல்லது ஒவ்வொரு நாளும் தம்மோடு போராடித்தான் கொடுத்தாரா? எளிதாக இருந்ததென்றால் அவர் வலி, நாம் வலியல்லர். போராடித்தான் கொடுத்தாரென்றால் அவர் நம்மைப் போன்ற மனிதர். ஆகவே நாமும் அவ்வாறு கொடுக்கலாம். புனிதரைத் தொழுதுவிட்டு வீடு திரும்புதல் எளிது. மனிதரைப் பின்பற்றுதல் கடினம். ஆசிரியர் நம்மைத் தொழச் செய்தார். பின்பற்றத் தூண்டும் வாயிலைச் சற்றே சாத்திவிட்டார் என்பதே நம் மனக்குறை.

எழுதப்படாத பக்கம்

இம்மூன்று படைப்புகளிலும் உணவுக்கு முன் நிற்பவர் வெவ்வேறானவர். ஆனால் உணவுக்குப் பின்னால், அடுப்பருகே நிற்பவரை இவற்றுள் எதுவும் மையமாக்கவில்லை. நம் தங்கை கேட்ட வினா இங்கேதான் வந்து நிற்கிறது.

முஸ்லிம் வாழ்வை நாவலில் பதித்தவர்களுள் தோப்பில் முஹம்மது மீரான் முதன்மையானவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. அதில் வரும் முஸ்தபாக்கண்ணு பழங்குடும்பப் பெருமை பேசிக்கொண்டு, உழைக்காமல், வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார். அவர் மனைவி அடியும் உதையும் படுகிறார். நாவுக்கு அடிமையான ஆடவனின் இன்பத்திற்கு ஒரு பெண் செலுத்தும் விலையை மீரான் அஞ்சாமல் எழுதினார். நாவெழுத்தின் மீது இதைவிடக் கடுமையான விமரிசனம் நம் சமூகத்திலிருந்து வந்ததில்லை. ஆனால் அது வீட்டுக்குள் நிகழும் கதை. இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்து வாழும் பெண்களும், விடியற்காலையில் எழுந்து கடையின் பின்கட்டில் மாவு அரைக்கும் பெண்களும் இன்னும் தமக்குரிய நாவலைப் பெறவில்லை.

கடல் கடந்து சென்றவரின் நிலையும் அதுவே. மலேசியாவில் நம்மவர் நடத்தும் கடைகளை 'மாமாக்' கடைகள் என்பர். 'மாமா' என்னும் தமிழ் உறவுச்சொல்லே அப்பெயராயிற்று. ரொட்டி சானாயும் 'தே தாரிக்' எனப்படும் இழுத்த தேநீரும் அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் என்னும் வேறுபாடின்றி அனைவருக்கும் பசியாறல் ஆகிவிட்டன. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, 2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டையும் சேர்த்தது. பல இனத்தார் ஒரே இடத்தில் கூடி உண்ணும் அனுபவம் என்பதே அதற்குக் கூறப்பட்ட சிறப்பு. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் வீசிய ரொட்டிக்கு உலக மன்றத்தில் இடம் கிடைத்துவிட்டது. இது மகிழத்தக்க செய்தியே.

ஆயினும் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா? ப. சிங்காரம் 1972இல் 'புயலிலே ஒரு தோணி'யை வெளியிட்டு, கடல் கடந்த தமிழரின் வாழ்வையும் அவர்தம் ஊர் ஏக்கத்தையும் காவியமாக்கினார். அவர் பிறந்த சிங்கம்புணரி நமக்கு அயலூர்தான். வட்டிக்கடையின் பெட்டியடியில் இருந்த தமிழனுக்கு அவர் குரல் கொடுத்தார். தேநீர்க்கடை அடுப்படியில் நின்ற தமிழனுக்கு அத்தகைய குரல் இன்னும் வாய்க்கவில்லை. இரவெல்லாம் மாவு பிசைந்து, பல இனத்தாருக்கும் பசியாறல் படைத்துவிட்டு, பிள்ளைகளின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாதிருந்தவரின் கதை எங்கே? பட்டியலில் ரொட்டியின் பெயர் ஏறிற்று. அதனை வீசியவனின் பெயரை ஏற்ற வேண்டியவர் எழுத்தாளரன்றோ?

ஒப்பிட்டு நோக்கினால் மற்றோர் உண்மையும் புலப்படும். மூவினத்தாரை ஒரே மேசையில் அமர்த்திய பெருமை நம்மவர்க்கு அயல்நாட்டில் கிடைத்தது. இரண்டு குவளை வைத்த இழிவு நம் மாவட்டத்திலேயே 2022இலும் இருந்தது. கடல்துறை ஊர்களில் நம் மக்கள் விருந்தின்போது ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, ஏழையும் செல்வனும் ஒரே தட்டில் கையிட்டு உண்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தக்க பெருமைதான். ஆனால் நம் சஹனில் நம்மவர் மட்டும் அமர்ந்தால் அது குடும்பப் பாசம். அயலாரும் அமர்ந்தால்தான் அது சமத்துவம். தெருக்கடையின் பலகை விருந்துச் சஹனைவிட ஒரு வகையில் உயர்ந்தது. அங்கே அழைப்பில்லை, ஆகவே விலக்கும் இருத்தலாகாது.

2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தில் ஓர் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து காலையில் பசியாறும் காட்சி இப்போது ஊர்தோறும் காணக் கிடைக்கிறது. இவற்றின் அரசியலை நாம் இங்கே பேசவில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு கதைக்களம் என்பதையே சுட்டுகிறோம். களம் இருக்கிறது, கதை எழுதுவார் எங்கே?

அடுத்த ஞாயிறு நம் தங்கையையும் உடன் அழைத்துக்கொண்டு அதே கடைக்குச் சென்றோம். கடைக்காரர் சிறிது தயங்கினார். பின்னர் உள்ளறை மேசையைத் துடைத்து, "இங்க உக்காருங்கம்மா" என்றார். தங்கை இரண்டு இட்லி உண்டார். சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று மகனிடம் மெல்லச் சொன்னார். எழுந்து கைகழுவப் பின்கட்டுக்குச் சென்றவர், அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த முதிய பெண்மணியிடம், "அக்கா, நீங்க பசியாறியாச்சா?" என்று கேட்டார். "கடை ஓயட்டும் தாயி, பத்து மணிக்கு மேலதான்" என்று விடை வந்தது. அப்போது மணி எட்டு. அந்த அம்மையார் நான்கு மணிக்கே வந்துவிட்டாராம். எத்தனையோ முறை அக்கடையில் உண்ட நாம் ஒருநாளும் அவரிடம் அவ்வினாவைக் கேட்டதில்லை.

இளம் எழுத்தாளர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. உணவுக்கடையைப் பற்றி எழுதுங்கள், சுவையைப் பற்றியும் எழுதுங்கள், தடையில்லை. ஆனால் எழுதத் தொடங்குமுன் கடையின் முன்வாயிலில் ஒருமுறையும் பின்கட்டில் ஒருமுறையும் நின்று பாருங்கள். முன்வாயிலில் எவரேனும் உள்ளே வரத் தயங்கி நிற்கிறாரா என்று பாருங்கள். பின்கட்டில் எவரேனும் இன்னும் உண்ணாமல் இருக்கிறாரா என்று கேளுங்கள். நம் முன்னோர் நமக்குத் தந்துசென்ற 'பசியாறியாச்சா' என்னும் வினா நலம் விசாரிக்கும் வாய்ச்சொல்லாக மட்டும் நின்றுவிடலாகாது. விடையைக் கேட்டு எழுதிவைக்கும் எழுத்து நம் மொழியில் இன்னும் பல வரவேண்டும்.